பெற்றவர் வீட்டையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்

"குழந்தையை எங்க பேருக்கே எழுதி வாங்கிக்கலாமா மேடம்?" வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது தத்தெடுக்காமல் ஒரு பிள்ளையைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்ப்பது, பற்றி விசாரிக்க வரும் தம்பதிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். தத்தெடுக்கப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரியும். ஆனால் எங்களிடம் வரும் குழந்தைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். சிறையில், மருத்துவமனையில், குடியில், கடனில். நிலைமை சீராகும்வரை ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. வீட்டை ஆய்வு செய்து அறிக்கை தருவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கும் எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்கள்.

2024இல் வழிகாட்டு நெறிமுறைகளைத் திருத்தினார்கள். திருமணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்தானவர்களும் இப்போது குழந்தையை வளர்க்கலாம். நல்ல மாற்றம். முன்பு 5 வருஷம் வளர்த்த பிறகே தத்துக்குக் கேட்க முடியும். அதையும் 2 வருஷமாகக் குறைத்திருக்கிறார்கள். திரும்பிப் போக யாருமே இல்லாத பிள்ளைக்கு இது வரம். அம்மா இருக்கும் பிள்ளையின் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மனநலம் குன்றிய அம்மாவோடு பேருந்து நிலையத்தில் இருந்தவனைக் குழந்தைகள் உதவி எண் 1098 மூலம் மீட்டார்கள். அம்மா சிகிச்சைக்குப் போனார், இவன் குழந்தைகள் இல்லத்துக்குப் போனான். அப்புறம் ஒரு வளர்ப்புக் குடும்பம் அமைந்தது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த தம்பதி, தங்கமான மனிதர்கள். போன கொஞ்ச நாளில் அந்தம்மா என்னிடம் குறைப்பட்டார்: "சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வெச்சிடறான் மேடம். தண்ணி குடிக்கக்கூட கேட்டுட்டுதான் குடிக்கிறான். ஏதோ அடுத்த வீட்டுல சாப்பிடற மாதிரி இருக்கு." இல்லத்தில் மணியடித்தால் வரிசை, சாப்பிட்டால் தட்டைக் கழுவணும், அந்தப் பழக்கம்மா, விட்டுப் பிடிங்க என்றேன்.

மாதந்தோறும் அந்த வீட்டுக்குப் போவேன். படிவத்தில் கேட்பதையெல்லாம் நிரப்புவேன்: பள்ளி வருகை, உடல்நலம், படுக்கும் இடம். அதில் கேட்காத ஒன்றையும் பார்ப்பேன். பிள்ளையின் துணி எங்கே இருக்கிறது? இவனுக்கென்று பீரோவில் ஒரு தட்டையே காலி செய்து வைத்திருந்தார்கள். அவனோ இல்லத்திலிருந்து கொண்டுவந்த பையிலேயே எல்லாவற்றையும் மடித்து, ஜிப்பை இழுத்து மூடி, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தான். துவைத்துக் காய்ந்ததும் நேராகப் பைக்குள். ஏன்டா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "அம்மா வந்தா உடனே கிளம்பணும்ல."

அந்த அம்மா வரமாட்டார். வருவதற்குப் பேருந்துக் காசு இல்லை. வரலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. நலக் குழு வேண்டாம் என்று சொல்லாதவரை பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மாதாமாதம் போய்ப் பார்க்கச் சட்டம் சொல்வது வளர்ப்புக் குடும்பத்தைத்தான். சிகிச்சை முடிந்து, ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, மாத்திரை தீர்ந்தால் அரைநாள் கூலியை விட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் ஒருத்தியைத் தேடி யார் போவது?

நான் போனேன். "என் புள்ள என்னை மறந்திருப்பான்ல மேடம்" என்றார். குழுவிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக்க ஏற்பாடு செய்தேன். வளர்ப்பு வீட்டில் தயங்கினார்கள். அம்மாவைப் பார்த்தால் பையன் இங்கே ஒட்டமாட்டான் என்று நினைத்தார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் வரும் பயம்தான் அது. அம்மா ஒரு மிக்சர் பொட்டலத்தோடு வந்து திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். "உள்ள வாம்மா, சாப்பிடலாம்" என்று வளர்ப்பு வீட்டு அம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப்போனார். பிறகு இருவரும் அக்கா, தங்கச்சி என்று ஆனார்கள். பையனுக்கு ஒருவர் அம்மா, ஒருவர் பெரியம்மா.

அம்மா தவறாமல் வரத் தொடங்கிய பிறகுதான் அவன் சட்டைகள் பீரோவுக்குப் போயின. அம்மா எங்கே இருக்கிறாள், எப்போது வருவாள் என்று தெரிந்த பிள்ளைதான் இன்னொரு வீட்டில் நிம்மதியாகத் தூங்கும். வேறு பிள்ளைகளிடமும் இதைப் பார்த்துவிட்டேன்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் உண்டு, பிள்ளை சொந்த வீட்டிலேயே இருந்து வளர்வதற்கு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. வறுமைக்காக மட்டும் இல்லத்தில் விடப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு, அந்தப் பணம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் வீட்டைவிட்டு வரவேண்டிய தேவையே இருந்திருக்காது. முதலில் அங்கே போகட்டும் பணம் என்பதுதான் என் கட்சி.

பள்ளி திறக்கும் முன் இவன் விஷயம் குழுவின் முன் வருகிறது. அம்மாவிடம் அனுப்பலாம், நிதி ஆதரவும் வேண்டும், விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்வரட்டும் என்று எழுதியிருக்கிறேன். வீடு திரும்பிய பிறகும் அந்த அம்மாவை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க எனக்கு உத்தரவு தரும்படியும் கேட்டிருக்கிறேன்.