ஒரு வாரம் போகும், ஒரு வாரம் வரும்

அந்த அக்கா இரண்டு சம்பளச் சீட்டுகளை என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று அடுத்த மெஷினில் தைக்கிற பெண்ணுடையது. 2019 செப்டம்பர், சனிக்கிழமை, மணி ஆறரை. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங் தம்பி, நான் 1393 பீஸு. இவ 1395. பீஸுக்கு ரெண்டரை ரூவா. ரெண்டு பீஸுக்கு அஞ்சு ரூவாதானுங் வித்தியாசம் வரோணும்? ஆறு வந்திருக்குதுங்."

சீட்டைப் பார்த்தேன். 3482. 3488. பைசாவோடு போட்டால் முதலாவது 3482.50, இரண்டாவது 3487.50. ஒருவருக்கு ஐம்பது பைசா கீழே போயிருந்தது, இன்னொருவருக்கு மேலே போயிருந்தது. அரை நிமிடத்தில் காரணம் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதில் எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்போது நினைத்தால் முதலில் உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான்.

கம்பெனிக்கு இரண்டு யூனிட். முதல் யூனிட்டில் ஜூலையில்தான் புது கம்ப்யூட்டர் வந்தது, அதில் பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.7 பதிப்பைப் போட்டேன். இரண்டாவது யூனிட்டில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அங்கிருந்த கைரேகை மெஷினோடு பேசுவதற்கு எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த நிரல் பழைய பதிப்பான பைத்தான் 2.7-ல் மட்டும்தான் ஓடும். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மெஷினை மாற்றலாம் என்றால் முதலாளி, "ஓடறத எதுக்குக் கழட்டறீங்க" என்பார். அதனால் என் சம்பள புரோகிராம் இரண்டிலும் ஓட வேண்டும், இரண்டுக்கும் ஒரே நிரலாக இருக்க வேண்டும். மேனேஜர் அண்ணன் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

இந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன். 2.7 வெளிவந்தது 2010-ல். அதன் ஆதரவை 2015-லேயே நிறுத்துவதாக இருந்தார்கள், பிறகு 2020 வரை தள்ளிப் போட்டார்கள். நம்மைப் போல எக்ஸ்பி மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள் போல. இரண்டிலும் ஓடுகிற மாதிரி எழுதுவதற்கென்றே 'சிக்ஸ்' என்று ஓர் ஆயத்த நிரல் தொகுப்பு உண்டு. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்பதால் அந்தப் பெயர். நான் அதுகூட இல்லாமல் சமாளித்தேன். வாக்கியத்துக்கு நடுவிலேயே எண்ணையும் பெயரையும் செருகுகிற எஃப்-ஸ்டிரிங் எழுதக் கை துறுதுறுக்கும், ஆனால் அது 3.6-க்கு முன்னால் கிடையாது. அடக்கிக்கொண்டு பழைய ஃபார்மட் முறையிலேயே எழுதினேன். தமிழ்ப் பெயர்கள் பழைய மெஷினில் கேள்விக்குறியாக வராமல் இருக்க ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் 'யு' போட்டேன். அந்த 'யு'-வை 3.0-ல் தூக்கிவிட்டு, 3.3-ல் எங்களைப் போன்றவர்களுக்காகவே திரும்பச் சேர்த்தார்கள்.

வகுத்தலும் தெரிந்த விஷயம்தான். பழையதில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வரும், புதியதில் 3.5 வரும். ஃபைலின் முதல் வரியில் 'ஃப்ரம் ஃபியூச்சர் இம்போர்ட் டிவிஷன்' என்று எழுதிவிட்டால் பழையதும் புதியதைப் போலவே வகுக்கும். எதிர்காலத்திலிருந்து வகுத்தலை இறக்குமதி செய்வது. பதினேழு ஃபைலிலும் அந்த வரியைப் போட்டேனா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். பீஸ் ரேட் கணக்கில் வகுத்தல் தப்பினால் தைக்கிறவர்கள் வயிற்றில் அடித்த மாதிரி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. அவ்வளவு அக்கறை இருந்தது.

முழு ரூபாய்க்கு மாற்றுகிற 'ரவுண்ட்' மட்டும் தப்பித்துவிட்டது. பைத்தான் 2-ல் சரியாகப் பாதியில் நின்றால் எப்போதும் மேலே போகும். 3482.50 என்றால் 3483. பைத்தான் 3-ல் பாதியில் நின்றால் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 3482.50 கீழே இறங்கி 3482 ஆகும், 3487.50 மேலே ஏறி 3488 ஆகும். ஏதோ ஒரு மூலையில் நடந்த சின்ன மாற்றம் இல்லை இது. 2008-ல் 3.0 வந்தபோதே மாற்றிய விஷயம், ஆவணத்தில் எழுதியிருக்கிறது.

சரி, அக்காவிடம் வருகிறேன். அவரிடம் நான் சொன்னது இது:

"தப்பு ஒண்ணும் இல்லீங்க்கா. சரியா அம்பது பைசாவுல நின்னா பக்கத்துல இருக்கிற ரெட்டப்படைக்குப் போகும். உங்களுக்கு 3482 ரெட்டப்படை, அதனால கீழ. அவங்களுக்கு 3488, அதனால மேல. எப்பவும் மேலயே போட்டுட்டு இருந்தா கணக்கு ஒரு பக்கமா சாஞ்சிருமுங்க."

"முன்னெல்லாம் அம்பது பைசான்னா மேலதானுங் தம்பி போடுவாங்க."

"அது பழைய முறைங்க்கா. இதுல உங்களுக்கு நட்டமே இல்ல. ஒரு வாரம் போகும், ஒரு வாரம் வரும்."

அவர் இரண்டு சீட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மடித்தார். "செரீங் தம்பி" என்றார். வேனுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் 'செரீங்'குக்கு எத்தனை அர்த்தம் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒத்துக்கொண்டாலும் செரீங்தான். உன்னிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்றாலும் செரீங்தான். அன்றைக்கு அது எந்தச் செரீங் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஊத்துக்குளி ரோட்டில் வண்டியில் வீட்டுக்குப் போகும்போதுதான் நான் சொன்ன வாக்கியம் திரும்பி வந்து இடித்தது. ஒரு வாரம் போகும், ஒரு வாரம் வரும். எதை வைத்துப் போகும், எதை வைத்து வரும்? பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு அதோடு ஒப்பிட்டால் நான் சொன்னது சரி. சில வாரம் ஐம்பது பைசா குறையும், சில வாரம் ஐம்பது பைசா கூடும், நாள்பட சமமாகும். ஆனால் அந்த அக்கா ஒப்பிட்டது பைசா சுத்தக் கணக்கோடு இல்லை, ஜூன் மாதம்வரை வாங்கிய சம்பளத்தோடு. அதில் ஐம்பது பைசா எல்லா வாரமும் மேலேதான் போனது. அதோடு ஒப்பிட்டால் சில வாரம் ஒரு ரூபாய் குறையும், மற்ற வாரம் அதே சம்பளம். கூடவே கூடாது. போவது மட்டும்தான் உண்டு, வருவது கிடையாது.

ஒரு பொய்கூடச் சொல்லாமல் நான் அவரை ஏமாற்றியிருந்தேன். ஏமாற்றினேன் என்ற வார்த்தை கொஞ்சம் கனமாக இருக்கிறது. சொன்னபோது எனக்கே தெரியாது. தெரியாமல் சொன்னதை ஏமாற்றியது என்று சொல்லலாமா? ஒரு ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றும் தோன்றும். ஐம்பது பைசா இன்றும் செல்லும் காசுதான், 25 பைசாதான் 2011 ஜூனோடு செல்லாமல் போனது. ஆனால் எந்த பேக்கரியிலாவது ஐம்பது பைசாவை நீட்டிப் பாருங்கள், நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அன்று ராத்திரி எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவும் செய்தது. எண்களை முழுமையாக்குவதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று 1960-லேயே இருக்கிறது, ஐ.எஸ். 2 என்று பெயர். அதுவும் பாதியில் நின்றால் இரட்டைப்படைக்குத்தான் போகச் சொல்கிறது. பைத்தான் தனியாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பி.எஃப். விதி கண்ணில் பட்டது: ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவும் அப்படியே. அக்கா சொன்ன அதே விதி.

அதைப் படிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. என் புரோகிராமில் பி.எஃப். பிடித்தத்துக்கு நான் 'ரவுண்ட்' போடவில்லை. 0.5 கூட்டி முழு எண்ணாக வெட்டும் ஒரு வரியை, விதியைப் பார்த்து, நானே எழுதியிருந்தேன். அது இரண்டு பைத்தானிலும் ஒரே விடை தரும். அரசாங்கத்துக்குப் போகிற பணம் என்றதும் விதி என்ன என்று கேட்டிருக்கிறேன். தைக்கிறவர்களுக்குப் போகிற பணத்துக்கு அப்படி யாரையும் கேட்கத் தோன்றவில்லை, மொழி எப்படிச் செய்கிறதோ அப்படியே விட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே 'ரவுண்ட்' தப்பித்துவிட்டது என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. பைத்தான் 2-ல் ரவுண்ட் போட்டால் விடை 3483.0 என்று புள்ளியோடு வரும், 3-ல் புள்ளி இல்லாமல் வரும். சீட்டில் புள்ளி வரக் கூடாது என்று அதே வரியில் முழு எண்ணாக்குகிற 'இன்ட்' சேர்த்தது நான்தான். அந்த வரியில் கை வைத்திருக்கிறேன், எண்ணுக்குப் பின்னால் வரும் புள்ளியைப் பார்த்திருக்கிறேன், எண்ணைப் பார்க்கவில்லை.

அதோடும் முடியவில்லை. ஜூலையில் புது மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வாரச் சம்பளத்தை இரண்டு மெஷினிலும் ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் நாலே முக்கால் லட்சம் சொச்சம், வித்தியாசம் 19 ரூபாய். என் நோட்டில் '19 - ரவுண்டிங்' என்று எழுதி டிக் அடித்திருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நாலே முக்கால் லட்சத்தில் 19 ரூபாய் என்றால் யாராக இருந்தாலும் டிக்தான் அடிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டிலும் ஒரே விடை வர வேண்டும் என்பதுதானே வேலை? ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அது வேறு விடைதான். அந்த அக்கா டிக் அடிக்கவில்லை, சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை பதினொரு வாரக் கணக்கையும் பழைய மெஷினில் திரும்ப ஓட்டினேன். முதல் யூனிட்டில் பீஸ் ரேட்டில் 140 பேர். மொத்தம் 212 சீட்டுகளில் ஒவ்வொரு ரூபாய் குறைந்திருந்தது. திருத்துவது ஐந்து நிமிட வேலை. பைத்தானோடு வரும் 'டெசிமல்' என்ற பகுதியில் பாதி வந்தால் மேலே என்று வெளிப்படையாகவே சொல்ல வழி இருக்கிறது, 2.7-லும் ஓடும், 3-லும் ஓடும். போட்டுவிட்டு, வரிக்கு மேலே 'பழைய பைத்தானோடு ஒத்துப்போக' என்று குறிப்பு எழுதினேன். இரண்டாவது யூனிட்டின் எக்ஸ்பி மெஷின் 2021-ல் மூச்சை விட்டது, இப்போது 2.7 எங்கேயும் இல்லை. அந்தக் குறிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் மாற்றி எழுதலாம் என்று நினைப்பேன். என்னவென்று எழுதுவது?

மேனேஜர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, 212 ரூவாயா, 212 ஆயிரமா?"

"ரூவாதானுங்ணா."

"அட, இதுக்கு வவுச்சர் போட்டு முதலாளிகிட்டக் கையெழுத்து வாங்கப் போனா, இன்னும் எதெது தப்பா இருக்குதுன்னு உன்ற புரோகிராமையே நோண்டச் சொல்லுவாரு. விடு. சனிக்கிழமை எல்லாத்துக்கும் டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தர்லாம்."

அப்படியே நடந்தது. புரட்டாசி சனிக்கிழமை என்பதால் முட்டை பப்ஸ் வேண்டாம் என்று பேக்கரியில் தேங்காய் பன் சொன்னார். டீயும் சேர்த்து பில் இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. 212 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கத்தான் வவுச்சரில் தலைப்பு கிடையாது, டீ செலவுக்கு உண்டு. நான் ஒன்றும் பேசவில்லை. புரோகிராமை நோண்டச் சொல்வார் என்ற இடத்திலேயே என் வாய் அடைத்துப் போயிருந்தது. அண்ணன் என்னைக் காப்பாற்றினாரா, கம்பெனியைக் காப்பாற்றினாரா என்று தெரியவில்லை. 212 ரூபாய்க்குப் பதில் இரண்டாயிரம் ரூபாய் போனது அவர்களுக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சரியான சமாதானமா என்றால், எதற்காகக் கொடுக்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாதே.

சீட்டு கொடுத்து முடித்த பிறகு அந்த அக்கா டீ டம்ளரோடு என் மேசைக்கு வந்தார்.

"இன்னைக்கு என்னங் தம்பி விசேஷம்?"

"ஒண்ணுமில்லீங்க்கா. மேனேஜர் அண்ணன் வாங்கிக் குடுக்கறாருங்க."

டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சீட்டை எடுத்து விரித்தார். அந்த வாரம் 1401 பீஸ். 3502.50. சீட்டில் 3503 என்று இருந்தது. போன வாரத்து புரோகிராமாக இருந்திருந்தால் 3502 என்று வந்திருக்கும்.

"இந்த வாரம் மேல வந்திருக்குதுங் தம்பி. நீங்க சொன்னாப்பலயே. போன வாரம் போச்சு, இந்த வாரம் வந்திருச்சுங்."

"ஆமாங்க்கா" என்றேன்.