நடைபிணம் எத்தனை நாள் நடக்கும்?

ஜாம்பித் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன், "ரெண்டு வருஷம் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க, இதெல்லாம் இன்னும் அழுகி விழலையா மாமா?" என்று கேட்டான். அன்றிரவு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அந்தக் கேள்வி முழுப் பதிலுக்குத் தகுதியுடையது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அழுகுவதற்கு முன்பே நடை நின்றுவிடும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தசை சுருங்குவதற்கு மட்டுமல்லாமல், சுருங்கிய தசை மீண்டும் தளர்வதற்கும் ஏடிபி என்னும் மூலக்கூறு தேவைப்படுகிறது. மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றபின் அதன் இருப்பு விரைவில் தீர்ந்துபோக, தசைக்குள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் ஆக்டின், மயோசின் இழைகள் பிணைந்தபடியே பூட்டிக்கொள்கின்றன. பிணம் விறைப்பது இதனால்தான். இறந்த சில மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் தென்படும் இந்த விறைப்பு, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவிவிடும். கடிப்பதற்காகவே எழுந்து வருவதாகச் சொல்லப்படும் ஓர் உருவத்துக்கு முதலில் இறுகுவது தாடை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓரிரு நாளில் விறைப்பு தளரும் என்றாலும், தசைப் புரதங்களே சிதையத் தொடங்கிவிட்டதால் ஏற்படும் தளர்வு அது. அந்தத் தசை இனி எதையும் இழுக்காது.

இதையெல்லாம் மீறி ஏதோ ஒரு சக்தி பிணத்தை நடக்க வைக்கிறது என்றே ஒப்புக்கொள்வோம். குடலில் நம்மோடு வாழ்ந்த பாக்டீரியாக்களைத் தடுக்க அப்போது நோய் எதிர்ப்பு அமைப்பு இருக்காது. அவை திசுக்களைத் தின்று வாயுவை உண்டாக்க, வயிறு ஊதிப் பிளக்கும். வெளியிலிருந்து பச்சையும் நீலமுமாக மின்னும் ஈக்கள் வந்து கண், வாய், புண் ஆகிய இடங்களில் முட்டையிடும். வெப்பமான காலத்தில் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவந்துவிடும். உடலெங்கும் திறந்த புண்ணோடு, ஈயை விரட்டக் கையைக்கூட உயர்த்தாத ஜாம்பியைவிட அவற்றுக்கு வசதியான இடம் வேறில்லை. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாஸ் என்னும் மானுடவியலாளர், தானமாகப் பெற்ற உடல்களைத் திறந்தவெளியில் கிடத்தி அவை சிதையும் விதத்தை ஆராயும் களத்தை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அங்கு ஆய்வு செய்த ஆர்பாட் வாஸ் எளிய கணக்கு ஒன்றைத் தந்தார்: 1,285-ஐச் சராசரி வெப்பநிலையால் வகுத்தால், உடல் எலும்புக்கூடாக ஆகும் நாள்கள் தோராயமாகக் கிடைக்கும். 30 டிகிரி செல்சியஸில் அது 43 நாள். 10 டிகிரியில் 128 நாள். இரண்டு வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குளிர்நாட்டில் பனி காப்பாற்றாதா என்றால், உறைந்த தசை கெடாது, ஆனால் அசையவும் அசையாது. பாலைவனத்தில் உலர்ந்த உடலும் அப்படித்தான். நெடுங்காலம் நிலைக்கும், மடங்காது.

இயற்கையில் இதற்கு மிக நெருக்கமானது, வெப்பமண்டலக் காடுகளில் எறும்பை ஆட்டிவைக்கும் ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை. அதன் பிடியில் சிக்கிய எறும்பு கூட்டத்தை விட்டு விலகி, தாழ்ந்த இலையொன்றின் நரம்பைக் கவ்வியபடி சாகிறது. பின்னர் அதன் தலைப்பகுதியிலிருந்து தண்டு முளைத்து வித்துகளைக் கீழே உதிர்க்கிறது. 2017இல் வெளியான ஆய்வு, பூஞ்சையின் செல்கள் தசைகளைச் சூழ்ந்திருக்க, மூளைக்குள் அவை நுழையவில்லை என்று காட்டியது. இதில் நான் வியப்பது, எறும்பு நடப்பதெல்லாம் உயிரோடு இருக்கும்வரைதான் என்பது. இத்தனை நுட்பமான ஒட்டுண்ணிகூடப் பிணத்தை நடக்க வைப்பதில்லை.

கனடாவின் ஒட்டாவாவில் 2009இல் கணிதவியலாளர்கள் சிலர் ஜாம்பிப் பரவலுக்குச் சமன்பாடுகள் அமைத்து, உடனடியாகவும் கடுமையாகவும் தாக்காவிட்டால் மனித இனம் அழியும் என்று முடிவு கண்டார்கள். அவர்களுடைய அடிப்படை மாதிரியில் ஜாம்பிகள் மனிதர் கையால் மட்டுமே குறையும், தாமாக அழுகுவதில்லை. அழுகலையும் சேர்த்தால் கேள்வியே மாறிவிடும் என்று நான் கருதுகிறேன். உதிர்ந்து விழுவதற்குள் ஒவ்வொன்றும் சராசரியாக ஒருவருக்கு மேல் கடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் தேய்ந்துகொண்டே போகும். கடித்தாலும்கூட, கடிபடக் கூடியவர்கள் குறையக் குறையப் புதியவை எழுவது குறைந்து, பழையவை விழுந்து முடிந்துவிடும். பேரழிவு நேரலாம், ஆனால் ஜாம்பிகள் எஞ்சமாட்டா.

உயிரோடிருந்து வெறிபிடித்தவர்கள் என்று கதையை மாற்றினால் அழுகல் இல்லை. அப்போது தாகம் இருக்கும். தண்ணீர் தேடத் தெரியாத மனித உடல் சில நாள்களுக்கு மேல் தாங்காது.

இவ்வளவையும் மறுநாள் விளக்கியபோது பையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்போ கத்திரி வெயில்ல வந்தா ஒன்றரை மாசம் கதவைச் சாத்திட்டு இருந்தா போதுமா மாமா?" என்றான். போதும், தண்ணீர் மட்டும் நிறையப் பிடித்து வைத்துக்கொள் என்றேன்.