பழைய வின்செஸ்டர் 94: வயசும் விலையும்

நம்ம நெல்லைப் பக்கம் தாத்தா காலத்து லீவர் ஆக்‌ஷன் ரைபிள் (விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) கிடைத்தால், முதல் வேலையாக எண்ணெய் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து உப்புத்தாளைத் தொடாதீர்கள். விலை குறைவதே அங்கேதான்.

குண்டு இல்லையென்று உறுதி செய்துகொண்டு திருப்பிப் பிடியுங்கள். அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனியின் 94 மாடல் என்றால் ரிசீவரின் (இயங்கு பாகங்கள் இருக்கும் நடு உலோகப் பகுதி) அடியில், முன்பக்கம் சீரியல் எண் இருக்கும். 27,00,000-க்குக் கீழே என்றால் 1964-க்கு முந்தையது. சேகரிப்பவர்கள் தேடுவது இதைத்தான். 1964-இல் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையையே மாற்றினார்கள். அதற்குப் பின் பல ஆண்டுகள் வந்த ரிசீவரில், துரு பிடிக்காமல் இருக்கப் போடும் சாதாரண நீலப்பூச்சு சரியாகப் பிடிக்காது.

எண்ணை மட்டும் நம்பக்கூடாது. வட்டத்துக்குள் ‘டபிள்யூ.பி.’ என்ற வின்செஸ்டர் சோதனை முத்திரை 1905-இல் வந்தது. எண்ணின்படி துப்பாக்கி 1900-ஆம் ஆண்டுடையதாக இருந்து, குழலில் அந்த முத்திரை இருந்தால் குழல் மாற்றியது என்றே சந்தேகப்படுங்கள்.

கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். அசல் கட்டை மயிரிழை உயர்ந்து நிற்கும், தாழ்ந்திருந்தால் இழைத்திருக்கிறார்கள். எழுத்து மங்கி, விளிம்பு மழுங்கியிருந்தால் உலோகத்தையும் தேய்த்தாயிற்று. மங்கிய அசல் பூச்சுக்குத்தான் மதிப்பு, புதுப் பூச்சுக்கு இல்லை. ஸ்க்ரூவின் பள்ளம் சிதைந்திருந்தாலும், பின்னாளில் துளை போட்டிருந்தாலும் விலை இறங்கும். குழலுக்குள் குழிகள் இருந்தால், அந்தக் காலத்துத் தோட்டா உப்பு ஈரத்தை இழுத்து அரித்ததுதான் காரணம்.

உரிமம் இல்லாமல் கைமாற்றக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு 2 துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தாக வந்தாலும்.