எரவாணத்தில் செருகிய நெருப்பு

குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தீக்குச்சி ஓர் அரிய பொருளாகத் தோன்ற வாய்ப்பே இல்லை. தெருவுக்கு நாலு வீட்டில் பெண்கள் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்த ஊர் எங்களுடையது. அந்த ஊர்க்காரனான நான், ஜவ்வாது மலையில் வனக்காப்பாளராகச் சேர்ந்த முதல் ஐப்பசியிலேயே, நெருப்பு மூட்ட வழியின்றி ஒரு பாறைக் குடைவுக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சந்தன மரக் கடத்தலைத் தடுக்கும் இரவு ரோந்து அது. மாலையில் பிடித்த மழையில் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டி கூழாகிவிட்டது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் இருக்கின்றன. குச்சிகளை எப்படியோ உலர்த்திவிட்டாலும், உரசும் பட்டை கரைந்துபோனால் அவற்றால் பயனில்லை. பள்ளிப் பாடத்தில் பார்த்த ஆதிமனிதன் படத்தை நம்பி, இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து நெடுநேரம் மோதினேன். இருட்டில் கற்களுக்குள் ஏதோ மங்கலாக ஒளிர்ந்தது. பஞ்சைக்கூடப் பற்ற வைக்கும் சூடு அந்த ஒளிக்கு இல்லை.

உடன் வந்த வனக்காவலர், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர், என்னைத் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. அவர் விறகில்தான் கவனமாக இருந்தார். தரையில் கிடந்த எதையும் தொடாமல், நின்றபடியே காய்ந்துபோன மரங்களின் கிளைகளை மட்டும் ஒடித்து வந்து, கொடுவாளால் நெடுக்காகப் பிளந்து, நனையாத உட்புறத்தை வெங்காயத் தோல் போலச் சீவிக் குவித்தார். பாறை இடுக்கில் மழை படாமல் நின்ற புல்லைப் பிடுங்கிக் கசக்கி, குருவிக்கூடு போலச் சுருட்டி வைத்தார். இதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் இடுப்பிலிருந்து ஒரு மூங்கில் குழாயையும், உடைந்த அரிவாளின் ஒரு துண்டையும் எடுத்தார். குழாய்க்குள் கரித்தூள் கலந்த இலவம்பஞ்சு இருந்தது. நான் வீசியெறிந்த அதே வெள்ளைக் கல்லின் கூரான விளிம்பில் பஞ்சை வைத்து, இரும்பால் சாய்வாக நாலைந்து முறை தட்டினார். பஞ்சில் பீடி நுனி அளவுக்குச் சிவந்தது. அதைப் புல் கூட்டுக்குள் பொதிந்து, முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து மெல்ல ஊத, புகை தடித்துப் பின்பு குப்பென்று பற்றிக்கொண்டது.

பொறி கல்லிலிருந்து வருவதாகவே அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் கடினமான கல் இரும்பைச் சுரண்டுகிறது; சுரண்டப்பட்ட பொடிதான் காற்றில் எரிந்து பொறியாகிறது. இரும்பில்லாமல் நான் மோதிய கற்கள் ஏன் கைவிட்டன என்பது அன்று விளங்கியது. ஆனால் பெரியவர் சொன்னது வேறு: "தீப்பெட்டி நனைஞ்சா நனையட்டும் சார், பஞ்சு நனையக் கூடாது."

கட்டையைக் கடைந்து தீ எடுப்பதைப் பிறிதொரு நாள் அவர் வீட்டில் பார்த்தேன். புல் வேய்ந்த கூரையின் எரவாணத்திலிருந்து இரண்டு குச்சிகளை உருவினார். அடிக்கட்டையின் குழியில் கோலை நிறுத்தி உள்ளங்கைகளால் கடைய, குழியோரத்து வெட்டு வழியே கரிய பொடி கொட்டிச் சேர்ந்தது. கடைவதை நிறுத்திய பிறகும் அந்தப் பொடி தானாகப் புகைந்தால்தான் உள்ளே கங்கு பிறந்திருக்கிறது என்று பொருள். நான் முயன்றதில் பழுப்புப் பொடியும் கை நிறையக் கொப்புளமும்தான் மிஞ்சின. குச்சிகளை ஏன் எரவாணத்தில் வைக்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கீழே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வீட்டின் எரவாணத்தில் செருகிய ஞெலிகோல், அதாவது தீக்கடையும் கோல் போல வெளித்தெரியாமல் இருக்கவும் வல்லவன் என்று அதியமானைப் புறநானூற்றில் ஔவையார் பாடியதைப் படித்தவன்தான் நான். உவமையின் அழகைத்தான் பாராட்டியிருந்தேனே தவிர, ஈரத்துக்கு அஞ்சிய ஒரு வீட்டின் ஏற்பாடு அதில் இருப்பது உறைக்கவில்லை.

காப்புக்காட்டில் நெருப்பு வைப்பதை 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் தடை செய்கிறது. அதைக் காவல் காக்கும் வேலையில் இருந்துகொண்டே நெருப்பு மூட்டக் கற்றது எனக்கே விசித்திரமாகத்தான் இருந்தது. அதனாலோ என்னவோ, அன்று விடியலில் பெரியவர் கங்குகளை நீரூற்றிக் கலக்கி, சாம்பலுக்குள் கையை நுழைத்துத் துழாவிப் பார்த்தது, மூட்டியதைவிடத் தெளிவாக நினைவிருக்கிறது. ஓரிடத்தில் வெதுவெதுப்பு இருந்ததென்று மறுபடி ஓடைக்குப் போய்வந்தார்.

அந்த மூங்கில் குழாயை எனக்கு மாறுதல் வந்தபோது அவர் கொடுத்தார். தை கழிந்து தீத்தடுப்புக் கோடுகள் வெட்டும் வேலை தொடங்கியதும் அதைக் குடியிருப்பின் ஓட்டுக்கூரை இடுக்கில் செருகிவிட்டுத்தான் காட்டுக்குள் போவேன். கோடை மழை சருகை நன்றாக நனைத்த பிறகே திரும்ப எடுப்பேன்.