நகலெடுத்தலும் போலியும்: ஆங்கிலச் சொற்சேர்க்கைகளை நான் படித்த முறை

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிப் பழகிய கட்டுரைகளில் ஒன்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். போலிப் பொருள்களை மக்கள் ஏன் வாங்குகிறார்கள், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பது அதன் தலைப்பு. எழுத்துப் பிழை இல்லை, காலம் மாறவில்லை, ஒருமை பன்மை மயக்கமும் இல்லை. ஆனாலும் திருத்திக் கொடுத்த ஆசிரியை ஒன்பது இடங்களில் அடிக்கோடு போட்டிருந்தார். அந்த ஒன்பது இடங்களிலும் குறை ஒன்றேதான்: சொல் தனியாக நின்றால் சரி, பக்கத்துச் சொல்லோடு சேர்ந்தால் தவறு.

குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும் என்று பள்ளியில் மரபுச்சொற்களைப் படித்திருக்கிறோம். 'மயில் பிளிறியது' என்று ஒருவர் எழுதினால் எழுவாயும் பயனிலையும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் அறிந்தவர் காதுக்கு அது ஒவ்வாது. ஆங்கிலத்தில் 'கோலொகேஷன்' எனப்படும் சொற்சேர்க்கையும் இப்படிப்பட்ட வழக்குதான். நகலெடுத்தல், பார்த்தெழுதுதல், போலி செய்தல் ஆகிய பொருள்களைப் பேசும்போது தமிழர்களாகிய நாம் இதில் அதிகம் தடுக்கி விழுகிறோம் என்பது என் அனுபவம். காப்பி, ஜெராக்ஸ், டூப்ளிகேட் என்று இந்தப் பொருளுக்கு நாம் அன்றாடம் புழங்கும் சொற்களில் பாதி ஆங்கிலத்திலிருந்து வந்தவை; வந்த பிறகு தமிழ் வினைகளோடு ஒட்டி, தமிழுக்கே உரிய பொருளையும் பெற்றுக்கொண்டவை. அவற்றை அப்படியே ஆங்கில வாக்கியத்துக்குள் திருப்பி அனுப்பும்போது பொருள் மாறிவிடுகிறது.

தேர்வில் இதற்கு என்ன மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வு 60 நிமிடம். இரண்டாம் வினாவுக்குக் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். நான்கு அளவுகோல்களுக்குச் சம மதிப்பு. அவற்றில் ஒன்று சொல்வளம். அந்த அளவுகோலில் 7 என்ற நிலைக்கான விளக்கத்திலேயே சொற்சேர்க்கை பற்றிய உணர்வு இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் சி1 அட்வான்ஸ்ட் தேர்வில் இன்னும் நேரடியாகவே கேட்கிறார்கள். வாசிப்புத் தாளின் முதல் பகுதியில் வரும் 8 கோடிட்ட இடங்களுக்கும் நான்கு நான்கு விடைகள் தரப்படும், நான்கும் ஏறத்தாழ ஒரே பொருளுடையவையாகத்தான் இருக்கும். அங்கே அகராதிப் பொருள் மட்டும் தெரிந்தவருக்கு நான்குமே சரியாகத் தோன்றும்.

என் கட்டுரையின் முதல் அடிக்கோடு 'டூப்ளிகேட் மெடிசின்ஸ்' என்ற தொடரின் கீழ் இருந்தது. எந்தப் பொருளில் எழுதினீர்கள் என்று ஆசிரியை கேட்டார். போலி மருந்து என்றேன். ஆங்கிலத்தில் 'டூப்ளிகேட்' என்பது அசலோடு எல்லா வகையிலும் ஒத்த இன்னொன்று, அதில் ஏமாற்று இல்லை என்றார் அவர். 'டூப்ளிகேட் கீ' என்றால் அதே பூட்டைத் திறக்கும் இன்னொரு சாவி. 'இன் டூப்ளிகேட்' என்றால் இரண்டு படிகளாக. தமிழில் 'டூப்ளிகேட் சாவி' என்று நாம் சொல்வதும் இந்தப் பொருளில்தான், ஆனால் 'டூப்ளிகேட் சரக்கு' என்னும்போது போலி என்ற பொருள் வந்துவிடுகிறது. போலி மருந்துக்கு ஆங்கிலத்தில் 'கவுன்டர்ஃபிட் டிரக்ஸ்' என்பதே பழகிய சேர்க்கை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இருந்து இந்த இடத்தில் 'ஃபால்ஸிஃபைடு' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. 'கவுன்டர்ஃபிட்' என்பது வணிகச் சின்ன உரிமை மீறலோடு பிணைந்த சொல் என்பதால், பொதுநலத்தைப் பேசும் இடத்தில் இரண்டையும் பிரித்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனமே பக்கத்துச் சொல்லை இவ்வளவு யோசித்து மாற்றியிருக்கிறது என்று தெரிந்தபோதுதான் இந்தப் பகுதியை நான் உண்மையில் மதித்துப் படிக்கத் தொடங்கினேன்.

இரண்டாம் அடிக்கோடு 'டேக் எ ஜெராக்ஸ்' என்பதற்கு. 'எடு' என்ற தமிழ் வினை அப்படியே 'டேக்' ஆகிவிட்டது. 'மேக் எ காப்பி', 'மேக் எ ஃபோட்டோகாப்பி' என்பவையே எங்கும் செல்லுபடியாகும் வடிவங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேக் எ காப்பி' என்றும் கேட்கலாம், அது பிழையன்று. ஆனால் தேர்வெழுதுபவர் 'மேக்' என்பதையே கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஜெராக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 1959-இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய 914 என்ற இயந்திரத்தின் வெற்றிக்குப் பிறகு நிறுவனத்தின் பெயரே நகலுக்குப் பெயராகிப் பல மொழிகளில் நிலைத்துவிட்டது. முறையான எழுத்தில் 'ஃபோட்டோகாப்பி' என்றே எழுதுங்கள். பத்து இருபது படிகளை விரைவாக எடுத்துக் கொடுப்பதற்கு 'ரன் ஆஃப் சம் காப்பீஸ்' என்ற அழகான தொடர் உண்டு. பேச்சுத் தேர்வில் இயல்பாகப் பொருந்தும். சாவியைப் பொறுத்தவரை வினையே வேறு: 'கெட் எ கீ கட்'. சாவி வெட்டப்படுகிறது, நகலெடுக்கப்படுவதில்லை.

இங்கேதான் எனக்கு இந்தப் பாடத்தின் திறவு கிடைத்தது. எந்தப் பொருள் நகலாகிறது, என்ன நோக்கத்தோடு நகலாகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் ஆங்கிலத்தில் வினையையும் அடைமொழியையும் தேர்ந்தெடுக்கின்றன. அதுவரை 'காப்பி' என்ற தலைப்பின் கீழ் இருபது ஒருபொருட் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டுப் பெயர்ச்சொல்லைத் தலைப்பாக்கினேன். கையெழுத்து என்று ஒரு பக்கம், பணத்தாள் என்று ஒரு பக்கம், மென்பொருள், ஓவியம், கட்டுரை, குரல் என்று தனித்தனிப் பக்கங்கள்.

கையெழுத்துப் பக்கத்தில் 'ஃபோர்ஜ் எ சிக்னேச்சர்' வந்தது. கடவுச்சீட்டு, ஆவணம், ஓவியம் ஆகியவற்றுக்கும் 'ஃபோர்ஜ்' சேரும். ஒருவர் கையால் உருவாக்கும் மோசடி என்ற சாயல் அதில் உண்டு. பணத்தாளுக்கும் அது வரும் என்றாலும் 'கவுன்டர்ஃபிட் மணி', 'கவுன்டர்ஃபிட் நோட்ஸ்' என்பவை இன்னும் பழக்கமானவை; பெருமளவில் அச்சிட்டுப் புழக்கத்தில் விடப்படும் பொருள்களான கைப்பை, கடிகாரம், மருந்து முதலியவற்றோடும் 'கவுன்டர்ஃபிட்' இணையும். மென்பொருள், திரைப்படம், இசை என்றால் 'பைரேட்டட்'. 'கவுன்டர்ஃபிட் சாஃப்ட்வேர்' என்றும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், ஆனால் அது அசல் பெட்டியைப் போலவே பெட்டி செய்து விற்பதைக் குறிக்கும். உரிமமின்றிப் படியெடுத்துப் பரப்பினால் 'பைரேட்டட் காப்பி' என்பதே சொல். 'ஃபேக்' எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் என் கட்டுரையில் அது பதினொரு முறை வந்திருந்தது. மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுபவருக்கு 'போகஸ் டாக்டர்', பொய்ப் பெயருக்கு 'ஃபால்ஸ் நேம்', செயற்கைத் தோலுக்கு 'இமிடேஷன் லெதர்'. கடைசியில் உள்ளதில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதைக் கவனியுங்கள்; வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். போலிப் பற்கள் 'ஃபால்ஸ் டீத்', பூக்கள் என்றால் 'ஆர்ட்டிஃபிஷியல் ஃபிளவர்ஸ்'. ஏன் இப்படி என்று கேட்டால் விளக்கம் இல்லை. மயில் ஏன் அகவுகிறது என்பதற்கும் விளக்கம் இல்லை.

'ஃபோர்ஜ்' பற்றி இன்னொன்று. அந்தச் சொல்லின் பழைய பொருள் கொல்லன் உலைக்களம். அடித்து உருவாக்குவது என்ற அந்தப் பொருளிலிருந்து நல்வழியிலும் ஒரு கிளை பிரிந்திருக்கிறது: 'ஃபோர்ஜ் எ ஃபிரெண்ட்ஷிப்', 'ஃபோர்ஜ் க்ளோஸ் லிங்க்ஸ்' என்றால் உறுதியான உறவை உருவாக்குதல். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் ஒன்றே குற்றமா நட்பா என்று தீர்மானிக்கிறது. இந்த இணையை வாசிப்புப் பகுதியில் கண்டால் தயங்காமல் கடக்க வேண்டும்.

ஏமாற்றும் நோக்கமே இல்லாத நகலுக்கு 'ரெப்ளிகா'. பிரான்சில் உள்ள லாஸ்கோ குகையின் பழங்கால ஓவியங்கள் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றாலும் வெளிச்சத்தாலும் கெடத் தொடங்கியதால் 1963-இல் குகையை மூடினார்கள். 1983-இல் அதன் ஒரு பகுதியை அப்படியே வேறிடத்தில் உருவாக்கித் திறந்தார்கள். அந்தக் குகையைப் பற்றி எழுதும்போது 'ஃபேக் கேவ்' என்று எழுதினால் உழைத்தவர்களை இகழ்வதாகிவிடும். 'எக்ஸாக்ட் ரெப்ளிகா', 'ஃபெய்த்ஃபுல் ரிப்ரொடக்ஷன்', 'பெயின்ஸ்டேக்கிங்லி ரீகிரியேட்டட்' என்பவை அந்த உழைப்பின் மதிப்பை ஏற்றுச் சொல்பவை. இந்த அடைமொழிகளை நான் எதிர்மறையானவற்றோடு இணையிணையாகப் படித்தேன்: 'ஃபெய்த்ஃபுல் காப்பி' எதிரே 'பிளேட்டன்ட் காப்பி', அதாவது வெட்கமின்றி அப்பட்டமாகச் செய்த நகல், 'க்ளோஸ் இமிடேஷன்' எதிரே 'பேல் இமிடேஷன்', அசலின் ஒளி இல்லாத வெளிறிய சாயல்.

பார்த்தெழுதுவது பற்றிய பகுதிதான் எனக்குப் பிடிபட நெடுநாள் ஆனது. 'காப்பி அடித்தான்' என்பதில் உள்ள குற்றப்பொருள் ஆங்கில 'காப்பி' என்ற சொல்லில் தானாக வருவதில்லை. 'ஹி காப்பீட் இன் தி எக்ஸாம்' என்று எழுதினால் என்னத்தை என்ற கேள்வி எஞ்சும். தேர்வில் முறைகேடு செய்வது 'சீட் இன் ஆன் எக்ஸாம்', அமெரிக்க வழக்கில் 'சீட் ஆன்'. அருகிலிருப்பவரைப் பார்த்தெழுதுவது 'காப்பி ஆஃப் சம்ஒன்' அல்லது 'காப்பி ஃப்ரம் சம்ஒன்'. கரும்பலகையில் உள்ளதைக் குறித்துக்கொள்வது 'காப்பி டவுன்'. ஒரு செய்யுளையோ பத்தியையோ முழுவதும் திரும்ப எழுதுவது 'காப்பி அவுட்'. மின்னஞ்சலில் இன்னொருவரையும் சேர்ப்பது 'காப்பி சம்ஒன் இன்'. மின்னஞ்சலில் நாம் காணும் 'சிசி' என்ற இரண்டு எழுத்துகள் 'கார்பன் காப்பி' என்பதன் சுருக்கம். கார்பன் தாள் மறைந்த பிறகும் சொல் மட்டும் நிற்கிறது. ஒருவரைப் போலவே இன்னொருவர் இருந்தால் அவரையும் 'கார்பன் காப்பி' என்பார்கள்.

பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவது 'பாஸ் இட் ஆஃப் ஆஸ் யுவர் ஓன்'. ஒரு பத்தியை அப்படியே உருவினால் 'லிஃப்ட் எ பேசேஜ்', சொல்லுக்குச் சொல் மாறாமல் என்றால் 'வேர்ட் ஃபார் வேர்ட்', முறையான நடையில் 'வெர்பேட்டிம்'. 'பிளேஜியரிசம்' என்ற சொல்லின் வேரான லத்தீனச் சொல் ஆளைக் கடத்துபவனைக் குறித்தது. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல் தம் கவிதைகளைத் திருடியவரை அந்தச் சொல்லால் சாடியதிலிருந்து அது எழுத்துத் திருட்டுக்கு வந்தது. உரிமை மீறலுக்கு 'இன்ஃப்ரின்ஜ் காப்பிரைட்'. 'காப்பிரைட்' என்பதில் இரண்டாம் பாதி உரிமையைக் குறிப்பது, எழுதுவதை அன்று. எழுத்துக்கூட்டலில் பலர் தவறுகிறார்கள்.

மனிதரைப் போலச் செய்வதற்குச் சொற்கள் வேறு. குரலையும் அங்க அசைவையும் போலச் செய்தால் 'மிமிக்'. மேடையில் பிரபலமானவரைப் போல நடித்துக் காட்டினால் 'டூ ஆன் இம்ப்ரெஷன் ஆஃப்'. மதிப்பு வைத்து அவரைப் போல உயர முயன்றால் 'எம்யுலேட்'. ஒருவர் செய்ததையே பிறரும் செய்தால் 'ஃபாலோ சூட்'. சீட்டாட்டத்தில் முதலில் இறங்கிய அதே இனத்துச் சீட்டை இறக்குவதிலிருந்து வந்தது அந்தத் தொடர். கணினி சார்ந்தவை எளியவை: 'மேக் எ பேக்கப்', 'காப்பி அண்ட் பேஸ்ட்', 'ஹார்ட் காப்பி'. வினையாக வரும்போது 'பேக் அப்' இரு சொற்கள், பெயராக வரும்போது ஒரே சொல்.

படித்த முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தொடராக எழுதாமல், நானே அமைத்த முழு வாக்கியமாக எழுதினேன். வினையை மட்டும் தாளின் வலது ஓரத்துக்குத் தள்ளி, அது இருந்த இடத்தில் கோடு விட்டேன். மூன்று நாள் கழித்து ஓரத்தை மடித்து மறைத்துக்கொண்டு கோட்டை நிரப்புவேன். 'ஹர் சிக்னேச்சர் ஹேட் பீன்' என்று படித்ததும் கை தானாக 'ஃபோர்ஜ்டு' என்று எழுதினால் அந்த வரிக்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்த வரியை விட்டுவிடுவேன். ஐயம் வந்தால், நூறு கோடிச் சொற்களுக்கும் மேல் கொண்ட கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் அந்தப் பெயர்ச்சொல்லைத் தேடி, எந்த வினை அதிகம் பக்கத்தில் நிற்கிறது என்று பார்ப்பேன். அங்கே எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நான்கைந்து வாக்கியங்களையாவது முழுதாகப் படியுங்கள், நோக்கம் அங்கேதான் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரையை இறக்கி வைப்பதைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள், அதற்கு மதிப்பெண் குறையும். வினாவில் உள்ள சொற்றொடர்களை அப்படியே எடுத்தெழுதினாலும் அந்தப் பகுதி மதிப்பீட்டில் சேராது. வினா 'கவுன்டர்ஃபிட் குட்ஸ்' என்று கேட்டால், முன்னுரையில் அதே தொடரை ஒரு முறை சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதற்குரிய சொல்லுக்கு நகருங்கள். ஒரே பத்தியில் ஆறேழு சேர்க்கைகளைத் திணிக்க வேண்டாம். இரண்டு இயல்பாக விழுந்தால் போதும்.

ஏழு வாரம் கழித்து அதே தலைப்பில் மறுபடி எழுதிக் கொடுத்தேன். இந்த முறை ஒரே ஓர் அடிக்கோடு. 'மேட் எ பிளேஜியரிசம்' என்று எழுதியிருந்தேன். 'மேக் எ காப்பி' என்று கைக்கு ஏறிய பழக்கம் இங்கும் வந்துவிட்டது. ஓரத்தில் ஆசிரியை 'கமிட்' என்று எழுதி, முன்னாலிருந்த 'எ' என்ற எழுத்தை அடித்திருந்தார். அன்றே குறிப்பேட்டில் புதுப் பக்கம் ஒன்று தொடங்கி, 'கமிட் பிளேஜியரிசம், கமிட் ஃபோர்ஜரி, கமிட் ஃபிராட்' என்று மூன்று வாக்கியங்களை எழுதி, வினையை வலது ஓரத்துக்குத் தள்ளினேன்.