மன்னம்பிட்டிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்

மட்டக்களப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த சேர் தவறிவிட்டார் என்ற செய்தி தை மாதத்தில் வந்தது. மறுநாளே பள்ளிக்கூட மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி அழைத்து, "அண்ணன், நீங்கள் சேரின் வகுப்புத்தானே, ஏதாவது எழுதித் தாருங்கள்" என்றார். சேரைப் பற்றி எழுத என்னிடம் ஒரு சுற்றுலாதான் இருக்கிறது. மட்டக்களப்பை அடித்த 1978 சூறாவளிக்கு முந்திய சுற்றுலா என்றால் நம் ஆட்களுக்கு விளங்கும். அந்த வருடம் ஆவணி, பழைய தலைநகரான பொலன்னறுவை.

விடுதிப் பிள்ளைகள் முன்னால், பாட்டுக்காரர் கடைசி ஆசனத்தில். வாழைச்சேனை தாண்டும் முன்பே புட்டுப் பார்சல் எல்லாம் முடிந்துவிட்டது. மன்னம்பிட்டிக்கு வரவும் கோச்சி, அதுதான் ரயில், வரவும் சரியாக இருந்தது. அந்த நாளில் கோச்சிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பாலம், காத்து நின்றோம். சேர் இறங்கிப்போய் மகாவலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதைக் கடந்தால் புலநரி" என்றார். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பொலன்னறுவைக்கு அதுதான் பெயர் என்று பிறகு சொன்னார். சோழர்கள் அதை ஜனநாதமங்கலம் என்றும் அழைத்தார்கள்.

முதலில் இரண்டாம் சிவாலயம். வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று அதற்குச் சோழ அரசியின் பெயர். அடி முதல் சிகரம் வரை கல், நகரத்தில் இன்றைக்கு நிற்கும் கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து, கல்வெட்டு வரிகளை விரலால் தொடாமல் காட்டினார். தொடக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. முதலாம் சிவாலயத்தில் மண்ணுக்குள் கிடந்த நடராசரும் சுந்தரரும் இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறார்கள் என்று சொன்னபோது, ஊரை விட்டுப் போன உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

அப்புறம் வட்டதாகே என்ற வட்ட வடிவப் புத்தர் கோயில். வாசலில் சந்திரவட்டக்கல், படிக்கு முன்னால் கிடக்கும் அரைவட்டச் சிற்பக்கல். "அநுராதபுரத்துக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது நாலும் இருக்கும். இதில் எது இல்லை?" எருது இல்லை. சிவனின் வாகனத்தைக் காலால் மிதிக்கக்கூடாது என்று விட்டிருப்பார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம். புத்தர் கோயில் படியில் நந்திக்கு மரியாதை. அந்த நகரத்தை அவர் எங்களுக்கு அப்படித்தான் காட்டினார். இது அவர்களுடையது, அது நம்முடையது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நான் சொல்ல வந்தது அட்டதாகே என்ற பழைய கோயிலின் பக்கத்தில் நிற்கும் பலகைக்கல்லைப் பற்றி. வேளைக்காரர் கல்வெட்டு. எல்லோரையும் கூட்டி நிறுத்திவிட்டு சேர் என்னை முன்னால் கூப்பிட்டார். அந்த வருடத் தமிழ்த் தினப் பேச்சுப் போட்டியில் நான்தான் முதலாம் இடம். "தம்பி, தமிழ் கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தியது என்று மேடையில் பேசினாய். இதோ கல் நிற்கிறது. வாசி."

எழுத்துத் தமிழ்தான். ஆனால் ஒரு சொல் பிடிபடவில்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டி, புள்ளி இல்லாமல், இடையிடையே வடமொழிக்கான கிரந்த எழுத்து. அரை நிமிடம் நின்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினேழு வயதில் நண்பர்கள் முன்னால் அழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேர் சிரிக்கவில்லை. மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு என்னோடு அந்த வெயிலில் குந்தினார். "புள்ளி வைக்கமாட்டார்கள். நீதான் வைத்து வாசிக்க வேண்டும்." என் கொப்பியில் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் காட்டினார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கடைசியில் ஒரு துண்டு வாசித்தேன்: தளதாய்ப் பெரும்பள்ளி. புத்தரின் புனிதப் பல் இருந்த கோயில். 1070 அளவில் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவின் காலத்தில் கட்டப்பட்டது. அதற்குக் காவலாக நின்று, அதன் ஊர்களையும் ஆட்களையும் காப்போம் என்று தமிழில் உறுதி எழுதிவைத்தவர்கள் வேளைக்காரப் படையினர். சோழரோடு போருக்குப் போகச் சொன்னபோது அதே அரசனை எதிர்த்துக் கலகம் செய்த படையும் அவர்கள்தான். "இரண்டும் உண்மை. இரண்டையும் மனதில் வைத்திரு" என்றார் சேர். அன்று எனக்கு அது ஏறவில்லை. அவமானம்தான் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

மாலையில் கல்விகாரையில், நாற்பத்தாறு அடி நீளத்தில் சாய்ந்திருக்கும் புத்தரின் முன்னால் உட்கார்ந்தோம். தலையணையில் தலை அழுந்திய குழிவைக்கூடக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சேர் என் பக்கத்தில் வந்து இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

1984இல் ஊரை விட்டேன். சொல்லிக்கொண்டு போக அவர் வீட்டுக்குப் போனேன். "வசதி வரும்போது ஒருக்கால் போய் அந்தக் கல்லை முழுக்க வாசித்துவிட்டு எனக்கு எழுது" என்றார். ஓம் என்றேன். ரொறன்ரோவில் இரண்டு வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன். ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

2013இல் மகளைக் கூட்டிக்கொண்டு பொலன்னறுவைக்குப் போனேன். அந்தக் கல்லுக்கு மேல் விழுந்த வெயிலில் அவள் நின்று, "அப்பா, இது தமிழா? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். தேடித் தேடி அந்த ஒரு துண்டைக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டினேன். மிச்சம் பிடிபடவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் சேர் கற்றுத்தந்ததற்கு மேல் ஓர் எழுத்தும் நான் கற்றிருக்கவில்லை.

வான் சாரதி கேட்டார், "மட்டக்களப்புக்கும் ஒரு எட்டுப் போவமா? மன்னம்பிட்டியில இப்ப றோட்டுக்கு வேற பாலம், கோச்சிக்கு நிக்கத் தேவையில்ல." நூறு கிலோமீற்றர்கூட இல்லை. இரண்டு மணித்தியாலம். கண்டியில் அறை பதிவு செய்திருந்தோம், மூன்றாம் நாள் விமானம். அடுத்த முறை என்று சொன்னேன்.

நான் அதுவரை வந்துவிட்டுத் திரும்பியது யாரோ சொல்லி சேருக்குத் தெரிந்திருக்கிறது. செத்த வீட்டுக்குப் போன நண்பன்தான் இதைச் சொன்னான். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லையாம். "வாசித்தானாமா?" என்று மட்டும் கேட்டாராம்.

தளதாய்ப் பெரும்பள்ளி வரைக்கும் வாசித்தேன், சேர்.