பத்து நாளாகத் தொய்யாத கம்பி

இன்றோடு பத்து நாள். மேல் வடம் இறங்கவே இல்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி ஏறுவதற்காக இரண்டு கம்பம் நட்டு, நடுவே 6 மீட்டருக்கு எஃகு வடம் இழுத்துக் கட்டி, ஒரு மாதமாக அதோடு மல்லுக்கட்டியவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா!

கம்பம் நடுகிற கதைக்குள் போகவில்லை, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். தரைக்கு மேல் 5 மீட்டர் நிற்கிறது. என்னைப் படுத்தியெடுத்தது, வடத்தின் முனையை வளையமாக மடித்துப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப். டர்ன்பக்கிளை (வடத்தை இறுக்கும் திருகு) முறுக்கி வடத்தை விண்ணென்று நிறுத்துவேன். விடிந்து பார்த்தால் நடுவில் இரண்டு சாண் தொங்கும். கம்பம்தான் உள்ளே சாய்கிறது என்று இரு பக்கமும் முளையடித்து வெளியே இழுத்துக் கட்டினேன். அப்போதும் அதே கதை. கடைசியில் வடத்தின் வால் முனையில், கிளாம்பை ஒட்டி, சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். காலையில் கோட்டைக் காணோம். கிளாம்புக்குள் போய்விட்டிருந்தது. ஆக, வடம் நழுவுகிறது!

கிளாம்பில் உள்ள யூ வடிவ போல்ட்டை நான் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறேன். சுமை தாங்குகிற வடம் கிளாம்பின் தட்டையான அடிக்கட்டை, அதாவது சேணப் பக்கம் உட்கார வேண்டும். யூ வளைவு வால் முனையை அமுக்க வேண்டும். ஒரு முனைக்கு மூன்று கிளாம்ப், வளையத்துக்குள் வடம் நசுங்காமல் காக்கும் திம்பிள். முதலில் வால் நுனிக்குப் பக்கத்தில் உள்ளது, அடுத்து வளையத்தை ஒட்டியது, கடைசியாக நடுவில் உள்ளது என்று முடுக்கினேன். சுமை ஏறியதும் வடம் கொஞ்சம் மெலியும், அதனால் நட்டுகளை இன்னொரு தடவை முடுக்கியே ஆக வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வடம் கோடு போட்ட மாதிரி நேராக நிற்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிட்டேன். தொய்வைப் பாதியாக்கினால் இழுவிசை இரட்டிப்பாகும், அவ்வளவையும் கம்பம்தான் தாங்க வேண்டும். நான்கு விரற்கடை தொய்வு இருக்கட்டும்.

கொடி ஏற வடத்திலிருந்து தொங்கவிடும் கயிறு விஷயத்தில் நைலான் சரிப்படவில்லை. கொடி ஆள் உயரம் ஏறிவிட்டுச் சரசரவென்று கீழே சரிந்துவிட்டது. ஹாப்ஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டிலுள்ள கொக்கி போன்ற முரட்டு மயிர்களால்தான் பிடித்து ஏறுகிறது. அரைக்கைச் சட்டையோடு வேலை செய்தால் முழங்கை வரை சிவந்த கீறல். தென்னை நார்க் கயிறு மாற்றியதும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. பெரிய ஹாப்ஸ் தோட்டங்களிலும் இதைத்தான் கட்டுகிறார்கள். வாங்கும்போது விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்க வேண்டும். அறுவடையில் கொடியோடு சேர்த்து அறுத்து அப்படியே மக்கவிடலாம்.

ஏற்றிவிடும்போது மேலிருந்து பார்த்துக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். அவரைக்கு நேர் எதிர். பழக்கத்தில் அவரை மாதிரியே சுற்றிவிட்டேன். மறுநாள் எல்லாம் பிரிந்து கிடந்தது.

அடுத்து ஒவ்வொரு கயிற்றுக்கும் மேலே ஒரு சின்னக் கப்பி மாட்டப் போகிறேன். கொடியை இறக்கி, காகிதம் போல் உலர்ந்த கூம்புகளை (ஹாப்ஸின் பூக்கள்) மட்டும் பறித்துவிட்டு மறுபடி ஏற்றிவிடலாம். கப்பிக்கு வரைபடம்கூடப் போட்டாயிற்று. நான்காவது செடிக்குத்தான் இன்னும் கயிறே கட்டவில்லை. அதில் நல்ல தளிராக மூன்றை விட்டு மிச்சத்தை நறுக்கி வைத்திருக்கிறேன். மூன்றும் எதையாவது பற்றிக்கொள்ளத் தேடித் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கின்றன.